முன்னால் இருக்கும் மூன்று செயின்ரிங்கை ஒன்றாக மாற்றினால் ஏற்றத்தில் மாட்டிக்கொள்வேனா?

மெதுமிதி:

தினமும் வேலைக்குப் போய்வர ஒரு கியர் சைக்கிள் வைத்திருக்கிறேன். போக 9, வர 9, மொத்தம் 18 கி.மீ. முன்னால் 48, 38, 28 பல் என்று மூன்று செயின்ரிங், அதாவது பெடலோடு சுற்றும் பல்வளையங்கள். பின்னால் 7 அடுக்கு, 14 பல்லில் தொடங்கி 28 வரை. 700 சி சக்கரம், 35 மி.மீ. டயர். வாங்கி நாலு வருடம் ஆகிறது. இந்த நாலு வருடத்தில் முன் கியரை நான் மாற்றியதை விரல்விட்டு எண்ணிவிடலாம், அப்படி மாற்றியபோதெல்லாம் பாதி தடவை செயின் கழன்று கை கரியானதுதான் மிச்சம். போன வாரம் நல்ல மழை, சிக்னலில் பச்சை விழுந்த நேரம், நடுவிலிருந்து சின்னதுக்கு இறக்கப்போய் செயின் உள்பக்கம் விழுந்து ஃப்ரேமுக்கும் கிராங்குக்கும் (பெடல் மாட்டியிருக்கும் கை) நடுவில் கச்சிதமாகச் சிக்கிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடினேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், முன்னால் ஒன்றே ஒன்று போதும். மலை சைக்கிள் எல்லாம் இப்போது அப்படித்தானே வருகிறது. என் சந்தேகம் இதுதான்: பெரியதையும் சின்னதையும் கழற்றி எறிந்துவிட்டு நடுவில் இருக்கும் 38-ஐ மட்டும் வைத்துக்கொண்டால் வேலை முடிந்ததா? வழியில் ஒரு பாலம் இருக்கிறது, எதிர்காற்று அடித்தால் அதில் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பின்பக்கமும் மாற்ற வேண்டுமா? கடையில் கேட்டால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை, ஆனால் ஆலன் கீ செட்டும் பொறுமையும் உண்டு.

கிரீஸ்கை:

வாங்கிப் போடுவதற்கு முன் காசு செலவில்லாத இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, குனிந்து கிராங்கைப் பாருங்கள். செயின்ரிங்குகள் நாலைந்து ஆலன் போல்ட்டில் பிடித்திருக்கின்றனவா, அல்லது ரிவெட் அடித்து ஒரே கட்டாக இருக்கின்றனவா? போல்ட் என்றால் உங்கள் யோசனை அப்படியே நடக்கும். ரிவெட் என்றால் நடுவளையத்தை மட்டும் வைத்துக்கொள்வது நடக்காத காரியம், டிரில் போட்டு ரிவெட்டைத் துளைத்துப் பார்த்தவர்கள் உண்டு, கடைசியில் ஆடுகிற செயின்ரிங்கோடு புது கிராங்க் வாங்கப் போனவர்களும் அவர்களே. விலை குறைந்த மூன்றடுக்கு கிராங்குகளில் பெரும்பாலும் ரிவெட்தான். கடைக்காரர் எல்லாம் மாற்றச் சொன்னதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, செயினை நடுவளையத்தில் போட்டுவிட்டு முன் கியரை மாற்றும் இடது ஷிஃப்டர் மேல் டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு வாரம் அதைத் தொடக்கூடாது. எந்த இடத்தில் கை தானாக அங்கே போகிறதோ அதை மட்டும் குறித்து வையுங்கள். பாலம், எதிர்காற்று, பையில் சுமை, எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் வந்துவிடும். அதற்கப்புறம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டேப்பைப் பிய்க்காமல் இரண்டு வாரம் ஓட்ட முடிந்தால் நீங்கள் ஏற்கெனவே ஒற்றை செயின்ரிங்கில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், மற்ற இரண்டையும் சும்மா சுமந்துகொண்டு.

பழையசெயின்:

எனக்கு இந்த மோகமே புரிவதில்லை. இவர் சொல்லும் கோளாறு மூன்று செயின்ரிங் இருப்பதால் வந்ததில்லை. நாலு வருடம் மழையில் நின்ற கேபிள், உள்ளே துரு ஏறியிருக்கும், லிவரை அமுக்கினால் செயினைத் தள்ளி மாற்றும் டெரெய்லர் பாதி தூரம் நகர்ந்து யோசித்து நிற்கும், அப்புறம் திடீரென்று குதிக்கும். உள்பக்கம் செயின் விழுகிறது என்றால் டெரெய்லர் உள்ளே போகும் எல்லையை நிறுத்தும், 'எல்' என்று குறித்த லிமிட் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது, கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருகினால் விழுவது நின்றுவிடும். புது கேபிள், புது அவுட்டர் (கேபிள் ஓடும் உறை), அரை மணி நேரம். எதையும் கழற்ற வேண்டாம்.

இன்னொன்று. சிக்னலில் நின்றுகொண்டு, பெடலில் முழு பலத்தையும் போட்டு மிதித்துக்கொண்டே முன் கியரை மாற்றினால் எந்த டெரெய்லரும் சொதப்பத்தான் செய்யும். நிற்பதற்கு முன்பே, காலைத் தளர்த்திச் சுற்றும்போது இறக்க வேண்டும். மூன்று செயின்ரிங் வைத்து 20 வருடமாக ஓட்டுகிறேன், செயின் விழுந்தது கொஞ்சம்தான்.

கிரீஸ்கை:

பழையசெயின் அண்ணா சொல்வது அத்தனையும் சரி, கேபிளை மாற்றினால் பாதி தொல்லை போய்விடும். ஆனால் அவர் நாலு வருடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மாற்றியிருக்கிறார். பயன்படுத்தாத ஒன்றைப் பராமரிக்கச் சொல்கிறீர்கள்.

ஏற்றப்பிரியர்:

நான் இதைச் செய்து ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கவலைப்படுவது வேகம் குறைந்துவிடுமோ என்றுதான். அந்தக் கவலையே வேண்டாம். 35 மி.மீ. டயரில் உங்கள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.17 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள், அது அவசரமில்லாத மிதி. முன்னால் 48, பின்னால் 14 பல், அதாவது 48-14 போட்டால் மணிக்கு 35 கி.மீ.க்கு மேல். 38-14 போட்டால் 28. நகரத்தில் வேலைக்குப் போகும் வண்டி தட்டையான சாலையில் 28-க்கு மேல் எத்தனை நிமிடம் போகிறது? இறக்கத்தில் மிதிக்காமல் உருள விட்டால் போயிற்று.

இடிக்கிறது இன்னொரு முனையில்தான். இப்போது உங்களிடம் இருக்கும் லேசான கியர் 28-28, அதாவது ஒரு மிதிக்குச் சக்கரம் சரியாக ஒரு சுற்று. முன்னால் 38 மட்டும் வைத்துப் பின்னால் 28-ஐ மாற்றாமல் விட்டால் அது 1.36 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கனம். காலி வண்டியில் தெரியாது. முதுகில் லேப்டாப், பின்னால் காய்கறிப் பை, எதிர்காற்று எல்லாம் சேர்ந்த அன்றைக்கு முழங்கால் சொல்லும். நான் முதலில் வேகத்துக்கு ஆசைப்பட்டு முன்னால் 42 போட்டேன். பின்னால் மகனை உட்கார வைத்துக்கொண்டு ஏறும்போது எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது, அவன் வேறு "அப்பா ஆடாதீங்க" என்பான். ஆறு மாதத்தில் 36-க்கு இறங்கிவிட்டேன், இன்றுவரை மேலே போகவில்லை.

அதனால் பின்பக்கம் 34 பல் வரை போகும் ஃப்ரீவீலாக, அதாவது பல்சக்கர அடுக்காக, மாற்றுங்கள். 7 அடுக்கில் 14 முதல் 34 வரை சிமானோவின் மெகாரேஞ்ச் என்று ஒன்று உண்டு. 38-34 என்றால் 1.12 வரும். பழைய 28-28-ஐ விட 12 சதவீதம் கனம், அவ்வளவுதான். அதில் ஒரு விசித்திரம், 14, 16, 18, 20, 22, 24 என்று ஒழுங்காகப் படி ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 24-லிருந்து நேரே 34-க்கு ஒரே தாவல். அந்தத் தாவலில் கால் திடீரென்று காற்றில் சுற்றுவது போல இருக்கும். சிலருக்குப் பிடிக்காது. பாலத்துக்கென்று எடுத்து வைத்த ஒரு கியர் என நினைத்துக்கொண்டால் பழகிவிடும்.

பின் டெரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று மட்டும் மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். செயினின் தொய்வை இழுத்துப் பிடிக்கும் திறனைப் பற்றிக் கவலை இல்லை. முன்பு அது முன்னால் 20 பல் வித்தியாசம், பின்னால் 14, ஆக 34 பல் அளவுக்கு வேலை பார்த்தது. இனிமேல் 20 மட்டும்தான்.

மெதுமிதி:

அனைவருக்கும் நன்றி. குனிந்து பார்த்தேன், ரிவெட்தான். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை போல இருக்கின்றன.

பழையசெயின் அண்ணா, 'எல்' ஸ்குரூவை அரைச் சுற்று திருகினேன், செயின் உள்ளே விழுவது நின்றுவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். டேப்பும் சுற்றியாயிற்று. இரண்டு வாரக் கணக்கு: 48-க்குக் கை ஒரு தடவைகூடப் போகவில்லை. 28-க்கு மூன்று தடவை போனது, மூன்றும் அதே பாலம், மூன்றும் சாயங்காலம். ஆக ஏற்றப்பிரியர் சொன்ன 34 எனக்குக் கட்டாயம் என்று புரிகிறது.

இனி கிராங்க். ஏதாவது ஒரு ஒற்றை செயின்ரிங் கிராங்க் வாங்கி மாட்டினால் சரியா? செயின் கோடு என்று எங்கோ படித்தேன், தலை சுற்றுகிறது.

கிரீஸ்கை:

தலை சுற்றும் விஷயம் இல்லை. முன்னால் இருக்கும் செயின்ரிங், பின்னால் இருக்கும் ஏழில் நடுவானதற்கு நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று இருந்தபோது செயின் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முன்னால் மாற்றிச் சரிக்கட்டலாம். ஒன்றே இருக்கும்போது அது நிற்கும் இடம்தான் விதி.

ஸ்கேல் எடுத்து அளக்கலாம். முன்னால், சீட் குழாயின் நடுக்கோட்டிலிருந்து பல் வரை எவ்வளவு தூரம்? குழாயின் ஓரத்திலிருந்து அளந்து குழாய் விட்டத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால், சக்கரம் உட்காரும் இரண்டு டிராப்அவுட்டுக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதி, 135 மி.மீ. என்றால் 67.5. அதிலிருந்து, வலது டிராப்அவுட்டின் உள்முகத்துக்கும் நாலாவது பல்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். இரண்டு எண்ணும் இரண்டு மூன்று மி.மீ.க்குள் வந்துவிட்டால் நிம்மதி. மூன்றடுக்கு கிராங்கின் நடுவளையம் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் இருக்கும், அதனால்தான் போல்ட் வைத்த கிராங்க் உள்ளவர்களுக்கு இந்த வேலை சுலபம்.

புது கிராங்க் வாங்கும்போது செயின்ரிங்கைத் தனியாகக் கழற்றக்கூடியதாக, போல்ட் வட்டத்தின் (செயின்ரிங் போல்ட்டுகள் அமைந்த வட்டம்) விட்டம் 104 அல்லது 110 மி.மீ. உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நாளை 36 வேண்டும் என்றால் வளையத்தை மட்டும் மாற்றலாம். இரண்டு கிராங்கும் மாட்டும் அச்சு சதுர முனை என்றால், அந்தக் கிராங்குக்கு எவ்வளவு நீள அச்சு என்று தயாரிப்பாளர் குறித்திருப்பார். பழைய மூன்றடுக்கு அச்சு நீளமாக இருக்கும், அதிலேயே மாட்டினால் செயின்ரிங் வெளியே தள்ளி நிற்கும். அச்சு 4 மி.மீ. குறைந்தால் செயின் கோடு 2 மி.மீ. உள்ளே வரும்.

செயின்ரிங் கட்டாயம் ஒரு பல் தடி, ஒரு பல் மெலிசு என்று மாறி மாறி வருவதாக இருக்கட்டும், நேரோ-வைட் என்பார்கள். செயினில் ஒரு கண்ணி அகலம், அடுத்தது குறுகல், மாறி மாறித்தானே வருகிறது? தடிப்பல் அகலக் கண்ணியில் அமர்ந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 2012-இல் ஸ்ராம் நிறுவனம் தன் எக்ஸ்எக்ஸ்1 கியர் செட்டோடு இதைக் கொண்டுவந்த பிறகுதான் முன் டெரெய்லரோ செயின் கைடோ இல்லாமல் கரடுமுரடான பாதையில் ஓட்டும் தைரியமே மலை சைக்கிள்காரர்களுக்கு வந்தது. மூன்றடுக்கில் வரும் நடுவளையம் இதற்கு நேர் எதிர். செயின் சுலபமாக ஏறி இறங்கட்டும் என்று சில பற்களைக் குட்டையாகவும் சாய்வாகவும் வெட்டியிருப்பார்கள். அதைத் தனியாக விட்டால் ஒரு குழியில் இறங்கினாலே செயின் கழலலாம். மாட்டும்போது தடிப்பல் அகலக் கண்ணியில் விழுகிறதா என்று பாருங்கள், மாறி உட்கார்ந்தால் செயின் மேலேயே ஏறி நிற்கும்.

பழையசெயின்:

சரி, பிடிவாதமாக இருக்கிறீர்கள், செய்யுங்கள். ஆனால் மூன்று விஷயம் யாரும் சொல்லவில்லை.

செயின். புது ஃப்ரீவீலில் நாலு வருடச் செயினைப் போடாதீர்கள், மிதிக்கும்போது பல் தாண்டிக் குதிக்கும். 24 கண்ணி புதிதாக இருக்கும்போது சரியாக 12 அங்குலம். உங்களுடையதை அளந்தால் 12-க்கு மேல் 1/16 அங்குலம் தாண்டியிருக்கும், பந்தயம். புது செயினை வெட்டும்போது டெரெய்லர் வழியாக விடாமல், முன் செயின்ரிங்கையும் பின்னால் பெரிய பல்லையும் மட்டும் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். முன்பு பெரியதும் பெரியதும் 48 கூட்டல் 28, அதாவது 76. இப்போது 38 கூட்டல் 34, 72. அதனால் பழையதை விட இரண்டு கண்ணி குறையும். 7 அடுக்குக்கு 6, 7, 8 என்று எழுதிய செயின், அகலம் 7 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே.

ஃப்ரீவீல். நாலு வருடம் நீங்கள் மிதித்த ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கியிருக்கிறது. அதற்கென்று உள்ள பல்வெட்டுச் சாவியை வைத்து, சக்கர நட்டாலேயே சாவி வழுக்காதபடி பிடித்து, பெரிய ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் சொருகித் திருப்புங்கள். அசைந்ததும் நட்டைத் தளர்த்த மறக்காதீர்கள்.

கிராங்க் புல்லர், அதாவது கிராங்கைக் கழற்றும் கருவி. மரை முழுக்க உள்ளே போன பிறகுதான் தள்ளும் போல்ட்டைத் திருக வேண்டும். இரண்டு மரையில் நிற்க வைத்துத் திருகினால் கிராங்கின் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். பெடலைக் கழற்றும்போது இடது பெடல் தலைகீழ் மரை. தெரிந்தவர்களும் மறப்பது இதைத்தான், நான் உட்பட.

ஏற்றப்பிரியர்:

முன் டெரெய்லரைத் தூக்கி எறிய வேண்டாம் என்று ஒரு சின்ன யோசனை. சாதாரணச் செயின்ரிங் போடுவதாக இருந்தால், அதைக் கொஞ்சம் கீழே இறக்கி, இரண்டு லிமிட் ஸ்குரூவையும் திருகி நடுவில் அசையாமல் நிறுத்தினால், செயின் விழாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரனாக இருக்கும். கேபிளும் வேண்டாம், லிவரும் வேண்டாம். அழகு என்று சொல்ல மாட்டேன். நேரோ-வைட் போட்டால் இது தேவைப்படாது.

அப்புறம் பேன்ட் காப்பு. பெரிய செயின்ரிங்கோடு அந்தப் பிளாஸ்டிக் வட்டும் போய்விடும். வேலைக்குப் போகிறவர் நீங்கள், வெளிப்பக்கம் வட்டு உள்ள கிராங்காகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வலது கணுக்காலில் தினமும் கறுப்புச் சித்திரம்.

மெதுமிதி:

வேலை முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

முதல் ஞாயிறு முழுக்க ஃப்ரீவீலுக்கே போனது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன், குழாய் சொருகினேன், ம்ஹூம். கடைசியில் மனைவி சக்கரத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் குழாயின் நுனியில் தொங்காத குறையாக அழுத்தியபோது 'டமால்' என்று ஒரு சத்தம், ஏதோ உடைந்துவிட்டது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கழன்றிருந்தது.

இரண்டாவது ஞாயிறு கிராங்க், அச்சு, செயின். எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தால் 34-இல் கரகரவென்று சத்தம், நின்று பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் செயின் 34-லிருந்து தானாக 24-க்கு நழுவுகிறது. கிரீஸ்கை சொன்னபடி அப்போதுதான் அளந்தேன், முதலிலேயே அளந்திருக்க வேண்டும். முன்னால் 50 மி.மீ., பின்னால் 45. கிராங்க் கையின் வெளிப்பக்கம் இருந்த செயின்ரிங்கைக் கழற்றி உள்பக்கமாக மாட்டினேன், 45-க்கு வந்துவிட்டது. செயின்ஸ்டேக்கும் (பின்சக்கரத்துக்குப் போகும் ஃப்ரேம் குழாய்) பல்லுக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி, உரசவில்லை. பின்னோக்கிச் சுற்றினாலும் செயின் இப்போது நிற்கிறது.

பாலத்தில் மூன்று வாரமாக ஏறுகிறேன். எதிர்காற்று இருந்த ஒரு நாள் 34-க்குப் போனேன், மற்ற நாளெல்லாம் 24-லேயே முடிந்துவிட்டது. அந்தத் தாவல் சொன்ன மாதிரியே கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. கழற்றிய சாமான்களைத் தராசில் வைத்தால் புது கிராங்கின் எடை போக அரைக் கிலோவுக்குப் பக்கத்தில் மிச்சம், ஆனால் ஓட்டும்போது அது தெரிகிறது என்று சொன்னால் பொய்.

ஒரே ஒரு சங்கடம். இடது ஷிஃப்டரும் பிரேக் லிவரும் ஒன்றாக வார்த்த ஒரே துண்டு, தனியாகக் கழற்ற வழியில்லை. கேபிள் இல்லாமல் சும்மா இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது கை தானாகப் போய் 'டக் டக்' என்று அமுக்கிக்கொண்டே இருக்கிறது.

பழையசெயின்:

பிரேக் லிவர் மட்டும் தனியாகக் கிடைக்கும், இடது பக்கம் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். வி-பிரேக் என்றால் வி-பிரேக்குக்கான லிவராகவே பாருங்கள், மற்றவை கேபிளை இழுக்கும் அளவு வேறு. கழற்றின பழைய லிவரையும் அந்த மூன்றடுக்கு கிராங்கையும் எறியாமல் வைத்திருங்கள், என் வண்டிக்கு ஆகும்.